மைத்ரேயிக்கு அம்மா கொடுத்த கேமரா

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் முன்னாள் செயலாளர் பேசியது. அன்று வர முடியாத சகோதரிகள் பலர் கேட்டுக்கொண்டதால், பேசியது பேசியபடியே இங்கே தருகிறோம்.)



வரவு செலவு வாசிச்சாச்சு. கடன் நிலுவையும் சொல்லியாச்சு. ஊக்குநருங்க எல்லாம் நோட்டுப் புத்தகத்தை மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் என் பக்கம் திரும்புங்க. "பெண் குழந்தைங்க படிப்பு பத்தி ஏதாவது பேசுங்கக்கா"ன்னு தலைவி எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்காங்க. நான் ஒரு சினிமா நடிகையைப் பத்திப் பேசப் போறேன்.

பின் வரிசையில சிரிப்புச் சத்தம் கேக்குது. சிரிங்க, பரவாயில்ல. உப்பளத்துல வேலை முடியற மாசம், மழை வந்தா கூலி இல்ல, இந்த நேரத்துல இந்தக் கிழவிக்கு நடிகை கதை கேக்குதான்னு நினைப்பீங்க. காரணம் இருக்கு.

நம்ம குழு ஒண்ணுல ஒரு சகோதரி. அவங்க மக அரசுப் பள்ளியில 9-ஆம் வகுப்பு படிக்கிறா. பள்ளிக்கூடங்கள்ல கலைத் திருவிழான்னு நடத்துறாங்களே, அதுல தனிநடிப்புப் போட்டியில பள்ளி அளவுல முதல் இடம், வட்டார அளவுலயும் முதல் இடம் வாங்கிட்டா. அடுத்தது விழுப்புரத்துல மாவட்டப் போட்டி. அம்மா "அனுப்ப மாட்டேன்"னு சொல்லிட்டாங்க. "இன்னைக்கு மேடை ஏறுவா, நாளைக்கு நடிக்கப் போறேம்பா, அப்புறம் எவன் கட்டுவான்"னு கேக்கறாங்க. அந்தப் புள்ள மூணு நாளா சரியா சாப்பிடலையாம். பேரைச் சொல்ல மாட்டேன். அந்த அம்மா இங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுதான் பேசறேன். "பேசுங்கக்கா, ஆனா என் முடிவு மாறாது"ன்னு சொல்லித்தான் அனுமதி கொடுத்தாங்க.

இப்ப கதைக்கு வரேன். இந்தக் கதையை எனக்குச் சொன்னது கீழ்ப்புத்துப்பட்டு முகாம்ல இருக்கிற ஒரு சிநேகிதி. இலங்கையில இருந்து வந்தவங்களுக்கான முகாம். முன்னே அகதிகள் முகாம்னு சொல்லுவோம், 2021-ல இருந்து மறுவாழ்வு முகாம்னு பேர் மாத்தியிருக்காங்க. ஒருமுறை பயிற்சிக்குப் போன இடத்துல பக்கத்துல உக்காந்திருந்தாங்க. போன்ல ஒரு பொண்ணோட படத்தைக் காட்டி, "அக்கா, இந்தப் பிள்ளை ஆரெண்டு தெரியுமோ? எங்கட ஆக்கள்ன்ர பிள்ளை. கனடாவில பிறந்தது. இண்டைக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச நடிகை"ன்னு சொன்னாங்க. சொல்லும்போது அவங்க முகத்துல இருந்த பெருமையை நீங்க பாத்திருக்கணும். சொந்த மக மாதிரி.

அந்தப் பொண்ணு பேரு மைத்ரேயி ராமகிருஷ்ணன்.

கனடான்னா எங்க இருக்கு? அமெரிக்காவுக்கு வடக்கே, பனி கொட்டற நாடு. நமக்கு வெயில் எப்படியோ அவங்களுக்குக் குளிர் அப்படி. அங்க டொராண்டோன்னு பெரிய பட்டணம். அதைச் சுத்தி மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல தமிழ் ஜனங்க இருக்காங்க. பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். 1983 ஜூலையில கொழும்புல நடந்த கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு ஓடினவங்க. கொஞ்ச பேர் கடலைத் தாண்டி நம்ம பக்கம் வந்தாங்க, கொஞ்ச பேர் ஐரோப்பா, கனடான்னு போனாங்க.

மீன்பிடிக் குடும்பத்துச் சகோதரிங்க இதைக் கேளுங்க. 1986 ஆகஸ்ட் மாசம் கனடாவோட கிழக்குக் கடல்ல, நியூஃபவுண்ட்லாந்துங்கிற பகுதிகிட்ட, ரெண்டு உயிர்காப்புப் படகுல 155 தமிழர்கள் பனிமூட்டத்துல தத்தளிச்சிக்கிட்டு இருந்தாங்க. ஜெர்மனியில இருந்து கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்து நடுக்கடல்ல இறக்கி விட்டுட்டாங்க. அவங்களைப் பாத்துக் காப்பாத்தினது யாரு தெரியுமா? நேவி இல்ல, போலீஸ் இல்ல. மீன் பிடிக்கப் போன அந்த ஊர் மீனவர்கள். கஸ் டால்டன்னு ஒரு கேப்டன்தான் முதல்ல பாத்தாராம். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னைக்கு நம்ம கரையில யார் யாரைத் தூக்கினாங்கன்னு நமக்குத் தெரியும். கடல்ல தவிக்கிறவனை ஜாதி, பாஷை கேட்டுட்டு யாரும் தூக்கறதில்ல.

இப்படிப் பல வழியில போய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள்ல மைத்ரேயியோட குடும்பமும் ஒண்ணு. அப்பா அம்மா ரெண்டு பேருமே போர் காரணமா இலங்கையை விட்டு அகதியா கனடா போனவங்க. டொராண்டோவுக்குப் பக்கத்துல மிசிசாகான்னு ஒரு ஊர், பெரிய ஏரிக்கரையில இருக்கு. அங்க 2001 டிசம்பர் 28-ஆம் தேதி இந்தப் பொண்ணு பொறந்தா.

2001-ன்னதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது. நம்ம முதல் குழு ஆரம்பிச்ச வருஷம் அது. மாசம் 20 ரூபா சேமிப்பு. அந்த 20 ரூபாயை வீட்டுக்காரருக்குத் தெரியாம முந்தானையில முடிஞ்சிக்கிட்டு வந்தவங்க இங்க எத்தனை பேர் இருக்கீங்க? கை தூக்க வேணாம், எனக்கே தெரியும்.

சரி. அந்தப் பொண்ணு மெடோவேல்னு ஒரு பள்ளிக்கூடத்துல படிச்சா. பணக்காரங்க படிக்கிற தனிப் பள்ளி இல்ல, அந்த ஊர் அரசு நடத்துற பொதுப் பள்ளி. அங்க நாடகம் ஒரு பாடம் மாதிரி. கணக்கு, அறிவியல் மாதிரி அதுக்கும் டீச்சர் உண்டு. மைத்ரேயி பள்ளிக்கூட நாடகங்கள்ல நடிச்சா. பள்ளிப் படிப்பு முடியற கட்டத்துலதான் "நடிப்பையே தொழிலா எடுத்துக்கலாம்"ங்கிற எண்ணமே வந்தது. அதுக்காக அவ ஊரை விட்டு ஓடிப் போகல. யார்க் பல்கலைக்கழகத்துல நாடகப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டு சீட் வாங்கினா. நடிப்புக்கும் பட்டப்படிப்பு இருக்குங்கிறது எனக்கே அப்பதான் தெரியும். நம்ம பக்கத்துல புதுச்சேரி பல்கலைக்கழகத்துலயும் நாடகத்துக்குன்னு துறை இருக்கு. காலாப்பட்டு, இங்கிருந்து ஈ.சி.ஆர். ரோட்டுல பஸ் ஏறினா நேரா போய் இறங்கலாம். நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்ப முக்கியமான இடம். 2019-ஆம் வருஷம். அமெரிக்காவுல மிண்டி கேலிங்னு ஒரு நடிகை, எழுத்தாளரும்கூட. அவங்க அப்பா தமிழர், சொக்கலிங்கம். அம்மா வங்காளி. மேடையில பேர் சொல்லிக் கூப்பிடறவங்க வாயில "சொக்கலிங்கம்" நுழையலைன்னு அதைச் சுருக்கி "கேலிங்"னு வச்சிக்கிட்டாங்க. அவங்க ஒரு டி.வி. தொடர் எழுதினாங்க. அமெரிக்காவுல வளர்ற 15 வயசுத் தமிழ்ப் பொண்ணு ஒருத்தியோட கதை. அந்த வேஷத்துக்குத் தெரிஞ்ச நடிகை யாரையும் போடாம, "யார் வேணும்னாலும் நடிச்சி வீடியோ அனுப்பலாம்"னு வலைத்தளத்துல பொது அறிவிப்பு விட்டாங்க.

அந்த அறிவிப்பைப் பாத்தது மைத்ரேயி இல்ல. அவ சிநேகிதி. "வாடி, சும்மா அனுப்பிப் பாப்போம்"னு கூட்டிக்கிட்டுப் போனா. ரெண்டு பேரும் எங்க போனாங்க? ஸ்டுடியோவுக்கா? ஊர்ல இருந்த பொது நூலகத்துக்கு. எந்தக் கேமரா? அம்மாவோட கேமரா. நூலகத்துல உக்காந்து, அம்மா கேமராவுல படம் பிடிச்சி, வீடியோவை அனுப்பினாங்க. அவ்வளவுதான். ஒரு பைசா கட்டணம் இல்ல. நடுவுல எந்த ஏஜெண்டும் இல்ல.

இன்னும் வீடியோ அனுப்புன்னு பதில் வந்தது. அதுக்கப்புறம் நாலு வீடியோ அனுப்பினா. பிறகு அமெரிக்காவுக்குக் கூப்பிட்டு கேமரா முன்னால நிக்க வச்சிப் பாத்தாங்க. மொத்தம் 15,000 பேர் விண்ணப்பம் போட்டிருந்தாங்க. அத்தனை பேர்ல இந்தப் பொண்ணைத் தேர்வு பண்ணாங்க. அப்ப வயசு 17. அதுக்கு முன்னாடி பள்ளி நாடகம் தவிர வேற எதுலயும் நடிச்சதில்ல.

இதைக் கேட்டதும் "அதிர்ஷ்டம்"னு சொல்லுவோம். அதிர்ஷ்டம் இல்லைன்னு நான் சொல்லல. ஆனா நம்ம பாத்தியில உப்பு பூக்கறதும் வெயிலாலதான். வெயில் எல்லாருக்கும் ஒண்ணுதான் அடிக்குது. பாத்தியை மிதிச்சி, கட்டி, தண்ணி பாய்ச்சி வச்சவன் பாத்தியிலதானே உப்பு விளையுது? பள்ளிக்கூட நாடகத்துல நின்னு பழகாத பொண்ணா இருந்தா அந்த வீடியோவுல என்ன பண்ணியிருப்பா? "எதுக்குடி கேமரா? வச்சிட்டுப் போய் படி"ன்னு அந்த அம்மா சொல்லியிருந்தா? நாட்டை இழந்து, எல்லாத்தையும் முதல்ல இருந்து ஆரம்பிச்ச குடும்பம் அது. "டாக்டரா ஆகு, இஞ்சினியரா ஆகு"ன்னு அவங்க பிடிவாதம் பிடிச்சிருந்தா யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னொண்ணும் கவனிங்க. தொடர்ல வாய்ப்பு கிடைச்சதும் காலேஜ் சீட்டைத் தூக்கிப் போடல. படப்பிடிப்புக்காகப் படிப்பைத் தள்ளி வைக்க அனுமதி கேட்டு வாங்கினா. பின்னால அதே பல்கலைக்கழகத்துல நாடகத்தை விட்டுட்டு மனித உரிமை சம்பந்தப்பட்ட படிப்புக்கு மாறிட்டா. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நடிகையான பிறகு மனித உரிமை படிக்க என்ன அவசியம்? அகதிக் குடும்பத்துப் புள்ளைக்கு அது அவசியமா பட்டிருக்கு.

அந்தத் தொடர் பேரு 'நெவர் ஹேவ் ஐ எவர்'. நெட்ஃபிளிக்ஸ்ல 2020 ஏப்ரல் 27-ல வந்தது. கொரோனா ஊரடங்கு நேரம். நம்ம உப்பளத்துல சீசன் உச்சத்துல இருந்தது, ஆனா வேலைக்குப் போகலாமா, போனா போலீஸ் அடிக்குமான்னு தெரியாம வாசல்ல உக்காந்திருந்தோமே, அந்த நேரம். உலகம் முழுக்க ஜனங்க வீட்டுக்குள்ள அடைஞ்சி கிடந்தப்ப ஒரு தமிழ்ப் பொண்ணு முகம் எல்லா ஊர்லயும் தெரிஞ்சிருக்கு. நாலு பாகம் வந்து, 2023 ஜூன்ல முடிஞ்சது.

கதை என்னன்னா, தேவின்னு ஒரு பொண்ணு. பள்ளிக்கூடத்துல கச்சேரி நடக்கிறப்ப, அவ கண் முன்னாலயே அப்பா மாரடைப்புல சரிஞ்சி விழுந்து செத்துப் போறார். அந்த அதிர்ச்சியில அவளுக்குக் கொஞ்ச மாசம் கால் நடக்கல. அம்மா நளினி தோல் டாக்டர். புருஷன் போன துக்கத்தை வெளியில காட்டாம, மகளை அதட்டி உருட்டி வளர்க்கிறாங்க. மக எதிர்த்துப் பேசறா. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ஒரே ஆளுக்காக அழறாங்க, ஆனா சேர்ந்து அழத் தெரியல. முதல் பாகத்தோட கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து அப்பாவோட அஸ்தியைக் கடல்ல கரைக்கிறாங்க. என் பேத்தி போன்ல அதைப் போட்டுக் காட்டினா. பேசறது இங்கிலீஷு, எனக்குப் பாதிக்கு மேல புரியல. அந்தக் கடற்கரைக் காட்சிக்கு மட்டும் எனக்குப் பாஷை தேவைப்படல.

ஒண்ணு மறைக்காம சொல்லிடறேன். பள்ளிக்கூடப் பசங்க காதல், கண்டபடி பேச்சு எல்லாம் அதுல இருக்கு. நம்ம வீட்டுல மாமியார், மாமனாரோட உக்காந்து பாக்கற மாதிரி இல்ல. "இந்தக் கிழவி பாக்கச் சொன்னா"ன்னு நாளைக்கு யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

அதுக்கப்புறம் 2022-ல 'டர்னிங் ரெட்'னு பிக்ஸார் கம்பெனி எடுத்த கார்ட்டூன் படம். கதை நடக்கிறதே டொராண்டோ ஊர்லதான். அதுல பிரியாங்கிற பொண்ணுக்கு இவங்க குரல் கொடுத்தாங்க. 2025-ல 'ஃப்ரீக்கியர் ஃப்ரைடே'ன்னு டிஸ்னி படத்துல பாடகி வேஷம். பெண் குழந்தைங்க உரிமைக்காக வேலை பண்ற பிளான் இன்டர்நேஷனல்ங்கிற அமைப்போட கனடா கிளைக்குத் தூதராவும் இருந்து பேசியிருக்காங்க.

பேர் விஷயத்தைச் சொல்லாம விட முடியாது. மைத்ரேயி ராமகிருஷ்ணன்னு அவ்வளவு நீளப் பேரை வெள்ளைக்காரங்க வாயில நுழையாதுன்னு சுருக்கியிருக்கலாம். அந்தத் தொடரை எழுதின அம்மாவே சுருக்கினவங்கதான், அவங்க காலம் அப்படி. இந்தப் பொண்ணு சுருக்கல. "என் பேரை இப்படித்தான் சொல்லணும்"னு பல இடத்துல வெளிப்படையா சொல்லித் திருத்தியிருக்கா. நமக்கு இது சின்ன விஷயமா தோணும். எனக்கு ஒரு வங்கியில கணக்கு ஆரம்பிச்சப்ப என் பேரைத் தப்பா எழுதிட்டாங்க. "தப்பா இருக்குங்க"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்தத் தப்புப் பேரோடவே ஆறு வருஷம் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் ஆதார்ல ஒரு பேர், பாஸ்புக்ல ஒரு பேர்னு கடன் வாங்கறப்ப அலைஞ்சேன் பாருங்க, அந்தக் கதையை உங்கள்ல பாதிப் பேருக்குச் சொல்லியிருக்கேன்.

இப்ப நம்ம சகோதரியோட பயத்துக்கு வரேன். அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

நம்ம விழுப்புரம் சீமையே கூத்து சீமை. அம்மன் கோயில் திருவிழான்னா பாரதக் கூத்து இல்லாம நடக்குமா? விடிய விடிய உக்காந்து பாக்கறோம். பாஞ்சாலி துகில் உரியறப்ப அழறோம். ஆனா அந்தப் பாஞ்சாலி வேஷம் கட்டறது யாரு? ஆம்பள. பொம்பளை துக்கத்தை ஆம்பளை வேஷம் கட்டி அழறான், பொம்பளைங்க கீழ உக்காந்து பாக்கறோம். பொம்பளை மேடை ஏறினா "கூத்தாடிச்சி"ன்னு ஒரு சொல்லு வந்துடும். அந்தச் சொல்லுக்குத்தான் இந்த அம்மா பயப்படறாங்க.

இது இன்னைக்கு நேத்து பயம் இல்ல. தமிழ்ல முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அதுல கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி, திருவையாறுல பொறந்தவங்க. விவரம் தெரியாத சின்ன வயசுலயே கல்யாணம் பண்ணி வச்சி, அது நிலைக்காம, பிழைப்புக்காக நாடகக் கம்பெனிக்குப் போனவங்க. எவ்வளவு பேச்சுக் கேட்டிருப்பாங்க! 1936-ல 'மிஸ் கமலா'ன்னு ஒரு படத்தை அவங்களே இயக்கினாங்க. 90 வருஷத்துக்கு முன்னாடி, சகோதரிகளே.

பேச்சு மட்டும் இல்ல, நிஜமான ஆபத்தும் இருக்கு. கேரளாவுல சினிமாவுல வேலை செய்யற பெண்களுக்கு என்ன கொடுமை நடக்குதுன்னு விசாரிச்ச நீதிபதி ஹேமா குழுவோட அறிக்கை 2024 ஆகஸ்ட்ல வெளியில வந்தது. படிச்சவங்க அதிர்ந்து போனாங்க. அதனால "நடிப்புன்னா எல்லாம் நல்லா இருக்கும், அனுப்புங்க"ன்னு நான் கண்ணை மூடிக்கிட்டு சொல்ல வரல. போன்ல, ஃபேஸ்புக்ல "நடிக்க வாய்ப்பு, சீரியல்ல சான்ஸ்"னு வருது. பதிவுக் கட்டணம் கட்டு, போட்டோ ஆல்பம் எடுக்க 20,000 ரூபா கொடு, தனியா வான்னு சொன்னா அது மோசடி. வேஷம் கொடுக்கிறவன் நமக்குப் பணம் தரணும், நம்மகிட்ட வாங்கக் கூடாது. புள்ளைங்க படத்தை முகம் தெரியாதவங்களுக்கு அனுப்பக் கூடாது. ஏமாந்துட்டா வெக்கப்பட்டு மூடி வைக்காதீங்க. பணமோ படமோ போன் வழியா போச்சுன்னா 1930, குழந்தைங்களுக்கு ஆபத்துன்னா 1098, பெண்களுக்கு 181. ஊக்குநருங்க இதைக் குழு நோட்டுல எழுதி வச்சிக்கோங்க.

ஆனா நம்ம புள்ள போறது சினிமாவுக்கு இல்லியே. பள்ளிக்கூடம் நடத்துற போட்டிக்கு. டீச்சர் கூட வராங்க. மத்த புள்ளைங்களும் வராங்க. மைத்ரேயி பள்ளிக்கூடத்துல நின்ன இடத்துலதான் இவளும் நிக்கறா. நடிகை ஆவாளா, டீச்சர் ஆவாளா, கலெக்டர் ஆவாளா, நம்மள மாதிரி குழு நடத்துவாளா, யாருக்குத் தெரியும்? நாலு பேர் முன்னால நிமிர்ந்து நின்னு வாய் திறந்து பேச வந்துட்டா அது எந்த வேலைக்குத்தான் உதவாது? குழுவுல சேர்ந்த முதல் வருஷம் என் பேரைச் சொல்லி எந்திரிச்சி நிக்கச் சொன்னா கால் நடுங்கும் எனக்கு. நாப்பது வயசுல கத்துக்கிட்டதை அவ பதினாலு வயசுல கத்துக்கிட்டா.

நான் ஏன் இவ்வளவு மல்லுக்கு நிக்கறேன்னு கேப்பீங்க. சொல்லிடறேன். இதை இந்தக் கூட்டத்துல இதுவரைக்கும் சொன்னதில்ல.

2008-ல என் பொண்ணு ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவுல நாடகம். கண்ணகி வேஷம் அவளுக்கு. ஒரு மாசமா வீட்டுல வசனம் சொல்லிக்கிட்டே இருப்பா. விறகு எடுக்கறப்ப, தண்ணி தூக்கறப்ப, தம்பியைப் பாண்டிய ராஜாவா உக்கார வச்சி அவன்கிட்ட நீதி கேப்பா. அவன் பயந்து அழுவான். விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி உப்பளத்துல ஒருத்தர், "உன் மக கூத்தாடப் போறாளாமே"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டார். நான் வீட்டுக்கு வந்து "போகக் கூடாது"ன்னு சொல்லிட்டேன். அவ அழுவா, சண்டை போடுவான்னு நினைச்சேன். ஒண்ணும் சொல்லல. டீச்சர் வீடு தேடி வந்தாங்க. அவங்களையும் திருப்பி அனுப்பிட்டேன். வேற பொண்ணு பேப்பரைப் பாத்துப் படிச்சி நடிச்சதாம்.

அவ இப்ப திண்டிவனத்துல நல்லாதான் இருக்கா. ரெண்டு புள்ளைங்க. என்னை நல்லா பாத்துக்கறா. அந்த நாடகத்தைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டதில்ல. போன வருஷம் அவ வீட்டுல தங்கியிருந்தப்ப, அடுப்படியில பேத்திக்கு ஏதோ சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தா. எட்டிப் பாத்தேன். அதே வசனம். ஒரு எழுத்து மறக்கல. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டா.

சரி, நேரம் ஆயிடுச்சி, தலைவி மணியைப் பாக்கறாங்க. ஒரே ஒரு வேலை பாக்கி. நம்ம ஊர் நூலகத்தைப் பத்தி அடுத்த கிராம சபையில மனு கொடுக்கணும். திறந்திருக்கற நாளைவிடப் பூட்டியிருக்கற நாள் அதிகமா இருக்கு. மைத்ரேயிக்கு நூலகம் திறந்திருந்தது. மனுவை நான் எழுதிட்டேன், போறப்ப எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. உங்க பேரைச் சரியா எழுதுங்க.

இப்ப நம்ம சகோதரிக்கு. அம்மா, போட்டி சனிக்கிழமை. நீயும் கூட வா. உன் கண்ணு முன்னாலயே இருக்கட்டும் புள்ள. அன்னைக்குக் கூலி போயிடும்னு சொன்ன, அதுக்கு நான் 500 ரூபா தரேன். கடன் இல்ல, நோட்டுல ஏத்த வேணாம். வேஷத்துக்குப் புடவை வேணும்னா என்கிட்ட ஒரு சிவப்புச் சுங்கடி இருக்கு. உன் வீட்டுக்காரர்கிட்ட பேசணும்னா தலைவியும் நானும் இன்னைக்கு சாயந்திரமே வரோம்.

என்ன, தலையை ஆட்டற மாதிரி இருக்கு? ஆமாவா இல்லையா, வாயைத் திறந்து சொல்லு... சரி, சரி. அழாதே. நான் மூணு பேருக்குப் புளிச்சோறு கட்டிக்கிட்டு வரேன். திண்டிவனம் போய் பஸ் மாறணும். ஆறரை மணிக்கு மரக்காணம் பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க.